மோரிஸ் மைனரை ஓடவைப்பது: தோட்டத்துக் கொட்டகைக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியில் உள்ள எதையும் உங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்ளலாம், ஒரு விதியைத் தவிர. வண்டியை முழுதாகப் பிரிக்காதீர்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அது நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், தள்ளினால் உருள வேண்டும்.

இதற்கு ஊர்க் காரணம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துப் புத்தகங்களில் பழைய கார் மீட்பவருக்குச் சொந்தமாக ஒரு கராஜ் இருக்கும். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கம் நம்மவர் வைத்திருக்கும் பழைய வண்டி பெரும்பாலும் தோட்டம் கொடுத்த வீட்டின் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்கிறது. நிலம் நம்முடையது அல்ல. சிரம்பான் 2 ஒரு காலத்தில் தோட்டம்தான். லாபு பக்கத்துச் செம்பனை நிலங்கள் மலேசிய விஷன் வேலித் திட்டத்தின் வரைபடத்துக்குள் வந்துவிட்டன. காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும் நாளில், உருளும் காரை டோ லாரியில் ஏற்றி அண்ணன் வீட்டுக்கோ மச்சான் வீட்டுக்கோ கொண்டுபோய்விடலாம். பிஸ்கட் டின்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் கிடக்கும் காரை ஏற்ற வருபவர் பழைய இரும்புக்காரர் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேலைக்கு முடிவே கிடையாது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முடிவு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிரேக், ஒரு கதவடிச் சட்டம், ஒரு பக்கத்து வயர் என்று எடுத்ததை முடித்து மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

## முதல் படி: எந்த வண்டி

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய அதே 1948-இல், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் மேடையேறியது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிறகு மினியைத் தந்தவரும் அவரே. தயாரிப்புக்குப் போகும் தறுவாயில் வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று பட்டதும், மாதிரி வண்டியை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த அறுவையின் தழும்பு. "ஒரிஜினலில் கை வைக்காதே" என்று யாராவது உங்களிடம் பாடம் நடத்தினால் அந்தப் பட்டையைக் காட்டுங்கள்.

தோட்டத்தில் துரைக்குப் பெரிய வண்டி, லேண்ட் ரோவர். மைனர் என்றால் கிராணி, டிரெஸ்ஸர், பள்ளித் தலைமையாசிரியர். பால்மரம் வெட்டியவருக்குச் சைக்கிள். இன்று மைனரைத் தேடி அலையும் இளைஞர்களில் சைக்கிள்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

வண்டியின் வயதை முன்கண்ணாடி சொல்லிவிடும். நடுவில் கம்பி ஓடி இரண்டாகப் பிரிந்த கண்ணாடி என்றால் 1956-க்கு முந்தியது. எஞ்சின் 918 அல்லது 803 சிசி. வளைந்த ஒற்றைக் கண்ணாடி என்றால் 'மைனர் 1000': முதலில் 948 சிசி, 1962 கடைசியிலிருந்து 1098 சிசி. இரட்டைக் கண்ணாடி வண்டி என்று முதல் வகைக்கு விலை அதிகம் சொல்வார்கள். புதியவர் 1098-ஐ எடுங்கள். அதில் முன் பிரேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருத்தது, பின் அச்சின் பல் விகிதமும் 4.22 ஆகி நெடுஞ்சாலைக்குச் சற்றுப் பொருந்தியது. 803 சிசி வண்டியைப் புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் பின்னால் வரும் லாரிக்காரரின் பொறுமைதான் முதலில் தீரும்.

எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. வண்டி ஒரு வருடமும் எஞ்சின் வேறொரு வருடமுமாக இருப்பது இங்கே சாதாரணம். தோட்டத்து வண்டிக்குக் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார்கள்.

டிராவலர் என்ற வகைக்குப் பின்பாதி ஆஷ் மரச் சட்டத்தால் ஆனது. அழகுக்கு ஒட்டிய மரமல்ல. கூரையையும் பக்கத்தையும் தாங்குவதே அதுதான். செம்பனைத் தோட்டத்தில், கறையான் ஊரில், முதல் வண்டியாக அதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

மைனர்தான் வேண்டுமா என்றால், இல்லை. டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா கே.இ.30, கே.இ.70, ஏன், 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாகூட இன்று பழைய வண்டிதான். அவற்றின் எஞ்சினைப் பிரிக்காத போமனே (மெக்கானிக்கே) இங்கு இல்லை. ஆனால் தகடு துருப்பிடித்தால் டட்சனுக்கு அலைய வேண்டியிருக்கும். அதைவிட வயதான மைனருக்கோ புதுத் தகடுகள் இன்றும் அடித்து விற்கப்படுகின்றன. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி அது. இங்கிலாந்தில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. 1990களில் பாத் நகரத்து மோரிஸ் மைனர் சென்டருக்கான தகடுகளை இலங்கையின் காலிப் பக்கத்தில் ஒரு பட்டறை செய்து அனுப்பியது. கொழும்புத் தெருக்களில் மைனர் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கும் அந்தக் கைப்பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

## இரண்டாம் படி: கிரான் இல்லாமல் பணம் வேண்டாம்

வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் கிரானை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, கேளுங்கள். அதில் உள்ள சேஸி எண்ணும் பானெட்டுக்குள் தடுப்புத் தகட்டில் அறைந்திருக்கும் எண்ணும் ஒன்றா? எஞ்சின் எண் ஒன்றா? 'என்' என்று தொடங்கும் பழைய நெகிரி செம்பிலான் எண் பலகைக்கு ஆசைப்பட்டுக் கிரான் இல்லாத வண்டியை வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் வாங்குவது ஒரு பலகையை மட்டுமே.

தோட்டத்து வண்டிகளில் அடிக்கடி வரும் சிக்கல், வண்டி தாத்தா பெயரில் இருப்பது. தாத்தா காலமாகி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். சித்தப்பா "எடுத்துக்கோடா" என்று சொல்வது சட்டத்துக்குப் போதாது. வாரிசுகளின் சம்மதம், அமானா ராயா போன்ற இடத்திலிருந்து ஆவணம், பிறகுதான் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம். பெயர் மாற்றத்துக்கு முன் பரிசோதனை நிலையத்தில் பி5 சோதனை வேண்டும். பல வருடம் சாலைவரி கட்டாமல் கிடந்த வண்டியா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் அதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். சாயம் அடித்துப் பளபளப்பானதும் பங்கு கேட்க ஆள் வரும்.

## மூன்றாம் படி: துரு தேடுதல்

பாயும் காந்தத் துண்டும் பழைய ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு படுங்கள். மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது. அடித்தகடும் அதனோடு ஒட்டிய பெட்டிச் சட்டங்களும்தான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின் ஓடும் பெட்டி, முன்னிருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், அதன் இரு முனைகளில் ஜாக்கி வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள் தொங்கும் நீளச் சட்டம். இந்த ஐந்து இடமும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் பார்வைக் குறைதான்.

ஸ்குரூடிரைவரால் குத்துங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் குத்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று: ஜாக்கி இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவின் இடைவெளி மாறினால், அல்லது கதவு தட்டினால், அடிப்பெட்டி போய்விட்டது என்று பொருள்.

தோட்டத்து வண்டிக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. பூட்டில் உரமூட்டை ஏற்றினார்களா? பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு வகை. சிந்திய பிடி உரம் மழைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பூட்டுத் தகட்டைப் பல வருடம் தின்னும். பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட் ஜாடி போயிருக்கிறதா? போர்ட்டிக்சன் கடலோரத்தில் நின்ற வண்டியா? செம்மண் சேறு சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் உட்கார்ந்து காயாமலே இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் அடியில் தகடு இருக்கிறதா என்பதே தெரியும்.

மூன்று முக்கிய இடங்களுக்கு மேல் ஓட்டை என்றால் விட்டுவிடுங்கள். விலை மலிவு என்பது சமாதானமாகாது.

## நான்காம் படி: இடமும் கருவியும்

மண்தரையில் ஜாக்கி இறங்கும். நான்கு சக்கர அளவுக்காவது சிமெண்டுத் தரை போடுங்கள்; முடியாவிட்டால் கனமான பலகைகள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். செங்கல் அடுக்குவது ஸ்டாண்டு ஆகாது, பாரத்தில் வெடித்துப் பிளக்கும்.

உங்கள் வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இந்த வண்டிக்கு ஆகாது. மைனர் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும்தான் அதிகம் உழைக்கும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் கிட்டத்தட்ட உட்காரும்; அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் மூலையை வழித்துவிடும். இரும்புச்சாமான் கடையில் ஒரு அங்குலச் செட் வாங்கிவிடுங்கள்.

எலி. செம்பனைப் பழத்துக்கு எலி வரும், அதைப் பிடிக்கத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்க்கிறார்கள். அந்த எலி உங்கள் கொட்டகைக்கும் வரும், துணி சுற்றிய பழைய வயரையும் இருக்கைப் பஞ்சையும் விரும்பிச் சாப்பிடும். உள்ளே தின்பண்டம் வைக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்தால் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தயங்கும்.

## ஐந்தாம் படி: தூங்கிய எஞ்சினை எழுப்புதல்

புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்குங்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுத்தால் வளையம் முறியும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். மைனருக்கு முன்பம்பர் வழியாக நுழைக்கும் கை ஹேண்டில் உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து அதை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் எண்ணெய், இன்னும் நாள். அசைந்தால் முழுச் சுற்று வரும்வரை கையால் மட்டுமே. கட்டை விரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள், கைப்பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் அந்த விரல் போய்விடும்.

பழைய எண்ணெயை வடித்து 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். பெட்ரோல் தொட்டியையும் வடித்துவிடுங்கள். உள்ளே இருப்பது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. எஸ்.யு. பெட்ரோல் பம்ப் தடுப்புத் தகட்டில், பானெட்டுக்குள் இருக்கிறது. சாவி போட்டதும் 'டக்-டக்-டக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கும், ஸ்குரூடிரைவரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் பாதி நேரம் எழுந்துவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. உடனே அணையுங்கள்.

இனிச் சில எண்கள், கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம். பற்றும் வரிசை 1-3-4-2. டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். பிளக் இடைவெளி 0.025. வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, 0.012.

பிளக்கைக் கழற்றியபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டிப் பற்றவைக்க வேண்டும். முதல் புகை பயமுறுத்தும்; நீங்கள் ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. பழைய எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. இப்போது மெதுவாகத் தேயும். இதற்காக ஓடுகிற எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டியதில்லை. வேறு காரணத்துக்குத் தலை கழன்று வரும் நாளில் கடினமான இருக்கை வளையம் போடச் சொல்லுங்கள்.

## ஆறாம் படி: பிரேக்கும் முன்சக்கரமும்

எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் தோட்டத்தைச் சுற்றி வரலாம் என்று தோன்றும். இந்தப் படியைத் தாண்டாமல் கூடாது.

மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள். எண்ணெய் பார்க்க விரிப்பைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்க வேண்டும். இஸிகோனிஸ் பெரிய மேதை. இந்த ஒரு வேலையை அவரே செய்து பார்த்திருக்க வேண்டும். யாரும் திறக்காமல் விட்டதால் எண்ணெய் வற்றி, ஈரம் சேர்ந்து, சிலிண்டர் உள்சுவர் குழிபட்டிருக்கும். ரப்பர் மட்டும் மாற்றிச் சமாளிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், வளையும் ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இது ஒற்றை வரிசைப் பிரேக்; எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும், மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும்.

புதிதாகப் போட்ட பிறகும் மிதி ஆழமாகப் போகிறது என்று புலம்புபவர்கள் பலர். காற்று காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஷூ சரிசெய்யாததுதான். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒவ்வொன்று. முன்னால் ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறக்கிறார்கள்.

அடுத்தது டிரன்னியன். முன்சக்கரம் திரும்புவது ஒரு நிற்கும் தண்டில். அதன் மேலும் கீழும் மரை போட்ட பித்தளைத் துண்டு. வண்டியின் பாரம் அந்த மரையில்தான். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் தண்டு கழன்று சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் படுத்துவிடும். மைனரின் பேர்போன நோய் இது. பொதுவாக மெதுவாகத் திரும்பும்போது நடக்கும் என்பது ஒரு அதிர்ஷ்டம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். நல்லதாக இருந்தால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னமே, நிப்பிளில் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை துப்பாக்கியால் அடியுங்கள். உடலையும் சாயத்தையும்விட இந்த வேலை முக்கியம். இதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் லைக் போட மாட்டார்கள்.

## ஏழாம் படி: வயர்

முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர். பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயருக்கு ஃபியூஸே கிடையாது. எலி கடித்த இடம் தகட்டில் உரசினால் தீ. முதல் வேலையாக பேட்டரிக்கு ஒரு கட்ஆஃப் சுவிட்ச் போட்டு, கொட்டகையில் நிற்கும்போது கழற்றி வையுங்கள்.

இன்னொன்றைக் கவனிக்காமல் பல ஆல்டர்னேட்டர்கள் செத்திருக்கின்றன. மைனர் ஆலையிலிருந்து வந்தபோது பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. இன்றைய வண்டிகள் நேர்மாறு. பழைய முறையிலேயே இருக்கிறதா, வழியில் யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் இணைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், மின்னணு இக்னிஷன், ரேடியோ போட எண்ணமிருந்தால் நெகட்டிவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

முழு ஹார்னஸையும் ஒரே நாளில் உருவ வேண்டாம். ஒரு வயர் உருவி, அதே நிறத்தில் ஒன்று போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்து, அடுத்தது.

## எட்டாம் படி: தகடும் சாயமும்

கதவடிப் பெட்டியை அறுக்கும்போது கதவுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக அறுத்தால் வண்டி வாழைப்பழம் போல வளையும். ஒரு பக்கம் மட்டும். கதவுச் சட்டத்துக்குள் குறுக்குக் கம்பி வைத்து ஒட்டிவிட்டு. அடிக்கடி கதவை மாட்டி இடைவெளி பார்த்து. வெல்டிங் தெரியாதவர் கதவடிப் பெட்டியில் கற்றுக்கொள்ள வேண்டாம், பழைய தகரத்தில் பழகலாம். அல்லது தட்டிச் சாயம் அடிக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். தொட்டி பூட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

பிரைமர் பூசியதும் வேலை பாதி முடிந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் விடுகிறார்கள். சாதாரணப் பிரைமர் ஈரத்தைக் குடிக்கும். பிற்பகல்தோறும் இடிமழை பெய்யும் நாட்டில் சாம்பல் பிரைமரோடு நிற்கும் வண்டி அடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வண்டி. அன்றைக்கு முடிக்க முடிந்த அளவு மட்டும் சுரண்டுங்கள்.

இரண்டு பொருள் கலந்து அடிக்கும் 2கே சாயத்தில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதி. துணி கட்டிக்கொண்டு அடிக்கும் வேலையில்லை அது. கடைக்கு விடுங்கள். நிறம்? பழைய ஆல்மண்ட் கிரீன், ஸ்மோக் கிரே, டிராஃபல்கர் புளூ இவையெல்லாம் மைனருக்கு ஆலை கொடுத்த நிறங்கள். மெட்டாலிக் ஊதா எனக்குப் பிடிக்காது, ஆனால் வண்டி உங்களுடையது. எதுவாக இருந்தாலும் கிரானில் உள்ள நிறம் மாறினால் இலாகாவில் பதிய வேண்டும்.

## ஒன்பதாம் படி: மாற்றலாமா, எவ்வளவு

மைனருக்கு 120ஒய் எஞ்சின் போடுவது இங்கும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் வெகுநாள் பழக்கம். அதன் ஏ12 எஞ்சின் 1171 சிசி. மைனரின் கிராங்குக்கு மூன்று பேரிங், இதற்கு ஐந்து, தலை அலுமினியம், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அதிகச் சுற்றில் பதறாது. 1952-இல் ஆஸ்டினோடு உரிம ஒப்பந்தம் போட்டு அதன் கார்களைத் தயாரித்துத்தான் டட்சனைச் செய்த நிசான் மேலே வந்தது. ஆகவே பழைய பிரிட்டிஷ் வண்டிக்குள் டட்சன் எஞ்சின் போவதை நான் கலப்படம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வரிசை முக்கியம். பெரிய எஞ்சின் போட்டவர்களில் பாதிப் பேர் பழைய டிரம் பிரேக்கோடு ஓட்டுகிறார்கள். முன்னால் டிஸ்க், நல்ல ரேடியேட்டர், சீட் பெல்ட் இவை முதலில். எஞ்சின் மாற்றம் இலாகாவின் அனுமதியோடு, பரிசோதனையோடு, கிரானில் புது எண் ஏறிய பிறகே சாலைக்கு. வாங்கும் எஞ்சினுக்கு ரசீது இல்லையென்றால், ஹாஃப் கட் கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எடுக்காதீர்கள். பழைய எஞ்சினை விற்காமல் எண்ணெய் விட்டு, தார்ப்பாயில் சுற்றி வையுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்பார்.

பழைய தோட்டத்து வண்டிகளில் வேறு மாதிரி மாற்றங்களும் கிடைக்கும்: டிராக்டர் போல்ட்டில் தொங்கும் எக்ஸாஸ்ட், பால்வாளித் தகட்டில் ஒட்டுப்போட்ட தரை, வர்க்‌ஷாப் போமன் கடைந்து போட்ட புஷ். உறுதியாக இருந்தால் அவற்றைக் கழற்றாதீர்கள். அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான். எனக்கு அது குரோம் பம்பரைவிட மதிப்பு.

## பத்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

நமக்கு இருக்கும் ஒரு வசதி, தோட்டத்துச் செம்மண் பாதை. நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, குலை ஏற்றும் லாரி ஓடாத நேரத்தில், முதல் கியரிலும் இரண்டிலும் அங்கே ஓட்டிப் பாருங்கள். நின்று, இறங்கி, அடியில் பார்த்து, மறுபடி. பொதுச் சாலைக்கு இறங்குவதற்கு முன் சாலைவரியும் காப்புறுதியும் கையில் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி கிடைக்கும்.

சிரம்பானுக்கு நாலைந்து தடவை போய் வந்தபின் கோலா பிலா பக்கம், பழைய புக்கிட் பூத்துஸ் சாலையில். ஏற்றத்தில் கண் தண்ணீர்ச் சூட்டில் இருக்கட்டும். முள் ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி நில்லுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவது டிரம்மைச் சுட வைத்துப் பிடியைக் கொல்லும். கீழே வந்ததும் நான்கு சக்கர மையத்தையும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்த டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்ட்டிக்சனுக்கு ஓட்டிப் போனால் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் என்ன சத்தம், எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பட்டியல் நீளமாக வரும். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வட்டம் போடுங்கள்.

பூட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ஒரு காயில், 35 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, ஐந்து லிட்டர் தண்ணீர், பிரேக் எண்ணெய், 7/16, 1/2, 9/16 ஸ்பேனர், டார்ச் லைட், பாய். கண்டென்சரை மட்டும் இரண்டு வையுங்கள். இப்போது வரும் புதியவை பழையவற்றைப் போல உழைப்பதில்லை.